காட்டுப் பாசியும் காற்றிலுள்ள விஷமும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் பாசி. "ஊரில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, பாசியைப் பற்றி ஒரு பிரசங்கமா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயந்தான். பாசியை நாம் இதுவரை எதற்கு மதித்திருக்கின்றோம்? கால் வழுக்கி விழுந்தபோது திட்டுவதற்கு மதித்திருக்கின்றோம். சுவரில் படர்ந்தால் சுரண்டி எறிவதற்கு மதித்திருக்கின்றோம். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாசியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய பெரிய கம்பெனிகளின் வாயை அடைத்த கதைகள் உலகத்தில் நடந்திருக்கின்றன. ஒன்று நமது கோடைக்கானல் மலையிலேயே நடந்திருக்கின்றது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகின்றோம்.

முதலில், விஷம் என்றால் எப்படி இருக்கும் என்று நினைக்கின்றோம்? கசக்கும், நாறும், கண்ணெரியும் என்று நினைக்கின்றோம். புகையைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக் கொள்கின்றோம். அது சரியே. ஆனால் ஈயம், பாதரசம், காட்மியம், பாஷாணம் என்கின்ற ஆர்சனிக் ஆகிய இந்தக் கன உலோகங்கள் காற்றில் கலந்து வரும்போது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. நெற்றி வியர்வையைத் துடைக்கும் நேரத்தில் நாலு மூச்சு உள்ளே போய்விடும். போனது சீக்கிரம் வெளியே வருவதுமில்லை. ஈயம் எலும்பில் போய்க் குடியேறிப் பல வருஷங்கள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். பாதரச ஆவி நரம்பையும் மூளையையும் பிடிக்கும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஈயம் கெடுக்கின்றது என்பதும், இன்ன அளவு வரையில் ஈயம் உடம்பில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதும், இன்று உலகச் சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்ட விஷயம்.

இப்படிப்பட்ட ஒன்று ஒரு ஊரின் காற்றில் இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரன் என்ன செய்வான்? குழந்தைக்கு நோய் வந்தால் தலையெழுத்து என்பான், கிரகம் என்பான், கயிறு கட்டுவான். கொஞ்சம் படித்தவனாயிருந்தால் கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த அறிக்கையைப் படித்து, "எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கின்றதாம்" என்று சமாதானமடைவான். இரண்டுக்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேரும் பரிசோதித்துப் பார்க்காமல் நம்பினவர்களே. அளந்து பார் என்றால், காற்றை அளக்கும் கருவி விலை அதிகம். அதற்கு மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும், ஆள் வேண்டும். பத்தாயிரம் சதுர மைல் காட்டில் எத்தனை கருவி வைப்பது? இந்த இடத்தில்தான் பாசி வந்து சேருகின்றது.

பாசி என்று சொல்லும்போது குளத்தில் பச்சையாய் மிதந்து காலை வாருகின்றதே, அதை நாம் சொல்லவில்லை. அது வேறு இனம். மழைக்காலத்தில் கிணற்றுக் கட்டின் மேலும், பழைய ஓட்டின் மேலும், மலைக்காட்டில் மரத்தின் மேலும், பாறையின் மேலும் பச்சை வெல்வெட்டு விரித்தாற்போல் மெத்தென்று வளருகின்றதே, உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு தண்டும் இலையுமாகத் தெரியுமே, அதைச் சொல்லுகின்றோம். குழம்புக்குத் தாளிக்கின்ற கல்பாசியும் இதுவல்ல. அது பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்ற வேறொரு ஜாதி உயிர். ஆனால் அதுவும் இந்த வேலைக்கு உதவும். 1866-லேயே நைலாண்டர் என்கின்ற ஒரு தாவர சாஸ்திரி, பாரிஸ் நகரத்தில் லக்ஸம்பர்க் தோட்டத்தில் மட்டும் கல்பாசி இனங்கள் நன்றாக வளருவதையும், நகரத்தின் மற்ற இடங்களில் அவை அற்றுப் போனதையும் பார்த்து, காற்றின் சுத்தத்துக்கு இவை அளவுகோல் என்று எழுதி வைத்தார்.

நிற்க, பாசிக்கு இந்த யோக்கியதை எப்படி வந்தது? அதில் யாதொரு அற்புதமும் இல்லை. மற்ற செடிகளுக்கு வேர் இருக்கின்றது. அது மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றது. ஆகவே ஒரு வேப்பிலையில் ஈயம் இருந்தால், அது காற்றிலிருந்து வந்ததா மண்ணிலிருந்து வந்ததா என்று வழக்குப் பேசலாம். பாசிக்கோ அப்படிப்பட்ட வேர் கிடையாது. அடியில் மயிரிழை போல் சில நார்கள் உண்டு. அவை பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே உபயோகப்படுகின்றன. அதற்கு வேண்டிய சாப்பாடு மழையிலும் பனியிலும் காற்றுத் தூசியிலுமிருந்து வரவேண்டும். மேலும், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீரை ஊற்றினால் ஒட்டாமல் உருண்டோடுகின்றதல்லவா? அதற்குக் காரணம் இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு. பாசியின் இலைக்கு அந்தப் பூச்சு அநேகமாகக் கிடையாது. இலையின் கனமோ பெரும்பாலும் ஒரே ஒரு செல்தான். ஆகவே மேலே விழுந்தது நேரே உள்ளே போகின்றது. அன்றியும் அந்தச் செல்லின் சுவரில் எதிர் மின்சாரம் கொண்ட இடங்கள் ஏராளமாக இருக்கின்றன. உலோக அணுக்கள் தண்ணீரில் கரைந்து வரும்போது நேர் மின்சாரத்தோடு வருகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா, ஒட்டாதா? காந்தத்தில் ஆணி ஒட்டுவது போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது எளிதில் கழுவிப் போவதில்லை.

இன்னும் ஒரு விசேஷம் கேளுங்கள். வடதேசத்துக் காடுகளில் ஹைலோகோமியம் என்று ஒருவகைப் பாசி இருக்கின்றது. அது வருஷந்தோறும் பழைய கொழுந்தின் முதுகின்மேல் புதிதாக ஒரு படியைக் கட்டிக்கொண்டு மேலே போகும். படிக்கட்டை எண்ணுவது போல் எண்ணி, இது இந்த வருஷத்தது, இது போன வருஷத்தது என்று பிரிக்கலாம். கணக்குப்பிள்ளை கூட இவ்வளவு ஒழுங்காகப் பேரேடு எழுதமாட்டார்.

இதை முதலில் நல்ல முறையில் வேலைக்கு அமர்த்தினவர்கள் ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரூலிங், டைலர் என்கின்ற இரண்டு பேர். 1968-ல் அவர்கள் செய்த காரியம்தான் நமக்கு மிகவும் பிடித்தது. அன்றைய பாசியில் எவ்வளவு ஈயம் இருக்கின்றது என்று பார்ப்பது யாராலும் முடியும். ஆனால் "அது ஆதிமுதல் அப்படித்தான், இயற்கையாகவே காற்றில் ஈயம் உண்டு" என்று ஒருவன் சொன்னால் என்ன பதில் சொல்வது? நூறு வருஷத்துக்கு முந்திய காற்றை எங்கே போய்ப் பிடிப்பது?

அவர்கள் பிடித்தார்கள். எப்படியெனில், தாவர சாஸ்திரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. செடி கொடிகளைப் பறித்து, அமுக்கி உலர்த்தி, காகிதத்தில் பறித்த இடத்தையும் தேதியையும் எழுதிப் பெட்டியில் வைப்பார்கள். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அக்காலத்தில் கேட்டிருப்பார்கள். அப்படித் தென் ஸ்வீடனில் 1860 முதற்கொண்டு சேர்த்து வைத்திருந்த பழைய பாசிகளை எடுத்து அதிலிருந்த ஈயத்தை அளந்தார்கள். 1860-களில் பறித்த பாசியில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு ஈயம் இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது சுமார் இரண்டு மடங்காகிவிட்டது. பிறகு பல வருஷங்கள் ஏறக்குறைய அப்படியே நின்றது. 1950-க்குப் பின் மறுபடியும் ஏறி, 1968-ல் 80, 90 வரையில் வந்துவிட்டது. முதல் ஏற்றம் நிலக்கரியும் இயந்திரத் தொழிலும் பெருகின காலம். இரண்டாவது ஏற்றம் மோட்டார் பெருகின காலம். இயற்கை என்று இனி யார் சொல்ல முடியும்? இயற்கைக்கு மோட்டார் லைசென்சு யாராவது கொடுத்தார்களா?

மோட்டாருக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தமென்று கேட்பீர்கள். எஞ்சினில் பெட்ரோல் நேரந்தவறி வெடித்துத் தட்டுகின்ற சத்தம் வராமலிருக்க, 1921-ல் அமெரிக்காவில் ஈயச் சேர்க்கை ஒன்றைக் கண்டுபிடித்து, 1923 முதல் பெட்ரோலில் கலந்து விற்றார்கள். 1924-ல் நியூ ஜெர்ஸியில் அந்தச் சரக்கைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையில் 5 தொழிலாளிகள் சித்தங்கலங்கிச் செத்தார்கள். அப்படியிருந்தும், தெருவில் விடும் புகையில் இருக்கும் ஈயம் கொஞ்சந்தான், மனித உடம்பில் ஈயமிருப்பது சகஜந்தான் என்று, அந்தத் தொழிலில் சம்பளம் வாங்கின வைத்தியர்களைக் கொண்டே நாற்பது வருஷம் சொல்ல வைத்தார்கள். உலகமும் நம்பிற்று. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-த்தில் நிறுத்தப்பட்டது. உலகத்திலேயே கடைசியாக அதை விற்றுக் கொண்டிருந்த அல்ஜீரியா தேசம் 2021-ல் நிறுத்திற்று. ஏறக்குறைய நூறு வருஷம்! இத்தனை வருஷமும் அந்தப் பாசி காட்டில் உட்கார்ந்துகொண்டு கணக்கை எழுதிக்கொண்டேயிருந்தது.

அதன் பின் ஸ்வீடனில் 1975 முதல் தேசம் முழுவதும் ஐந்து வருஷத்துக்கொரு முறை பாசியெடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1990 முதல் ஐரோப்பாவின் பல தேசங்கள் சேர்ந்து செய்கின்றன. 2010-ல் 25 தேசங்களில் சுமார் 4,500 இடங்களிலிருந்து எடுத்தார்கள். எடுப்பதற்கு ஒரு சட்டதிட்டம் இருக்கின்றது. அதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய ரஸ்தாவுக்கும் ஊருக்கும் தொழிற்சாலைக்கும் 300 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரத்தின் கீழே எடுக்கக் கூடாது. ஏனெனில் இலைகளைக் கழுவிச் சொட்டுகின்ற தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே இடத்தில் அள்ளிக்கொள்ளாமல் 50 மீட்டர் சதுரத்துக்குள் ஐந்து முதல் பத்து இடத்தில் கிள்ளிக் கலக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று வருஷத்து வளர்ச்சியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கையுறை போட வேண்டும். தண்ணீரில் கழுவக் கூடாது. சிகரெட்டுப் பிடித்துக்கொண்டு பாசி எடுக்கவே கூடாது. ஏன் தெரியுமா? புகையிலைப் புகையில் காட்மியம் இருக்கின்றது. காட்டுக் காற்றை அளக்கப் போனவன் தன் வாய்க் காற்றை அளந்துகொண்டு வந்துவிடுவான். (பீடி பிடிக்கின்ற தோழர்கள் இதை வேறு எந்த விதத்தில் எடுத்துக்கொண்டாலும் நமக்கு ஆட்சேபணையில்லை.) பிறகு 40 டிகிரி சூட்டில் உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கருவியில் விட்டு ஒவ்வொரு உலோகத்தையும் அளக்க வேண்டியதுதான்.

முடிவு என்ன? ஐரோப்பாவில் 1990-க்கும் 2010-க்கும் நடுவில் பாசியிலிருந்த ஈயம் சராசரி முக்கால் பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. காட்மியம் ஏறக்குறைய பாதியாயிற்று. பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தினார்கள், தொழிற்சாலைகளில் புகையை வடிகட்ட வைத்தார்கள், பாசியிலும் குறைந்துவிட்டது. மனிதன் செய்த கேடு மனிதன் நிறுத்தினால் நிற்கின்றது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? பாதரசம் மட்டும் அதிகம் குறையவில்லை. அது ஆவியாகி உலகத்தைச் சுற்றிவரக் கூடியது. ஒரு தேசத்தில் அவிழ்த்துவிட்டால் இன்னொரு தேசத்தில் போய் இறங்கும். ஆகவே ஒரு சர்க்கார் மட்டும் சட்டம் போட்டுப் பிரயோஜனமில்லை.

ருஷ்யாவின் வடகோடியில் கோலா என்று ஒரு பிரதேசம். அங்கே நிக்கலும் செம்பும் உருக்குகின்ற உலைகள். ருஷ்யா, பின்லாந்து, நார்வே மூன்று தேசத்து ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து 1995-ல் சுமார் 1,88,000 சதுர கிலோமீட்டர் சுற்றிப் பாசி சேகரித்துப் படம் போட்டார்கள். உலையை நெருங்க நெருங்கப் பாசியில் நிக்கலும் செம்பும் ஏறிக்கொண்டே போயிற்று. உலைக்கு மிகவும் கிட்டே போனபோது ஒரு சங்கடம் வந்தது. எடுப்பதற்குப் பாசியே இல்லை! கந்தகப் புகையில் அது செத்துப்போய், மரமும் செத்து, கறுத்த மொட்டைக் குன்றுகள்தான் நின்றன. சாட்சி வராமல் போனதும் ஒரு சாட்சியம்தான் என்று வக்கீல்கள் ஒப்புக்கொள்ளுவார்களோ என்னவோ, நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். நிக்கல் என்ற ஊரில் இருந்த உலை 2020 டிசம்பரில் மூடப்பட்டது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ஆரிகன் மாகாணத்தில் போர்ட்லண்டு என்று ஒரு நகரம். மழை மிகுந்த ஊர். தெரு மரங்களிலெல்லாம் பாசி தொங்கும். தங்கள் ஊர் சுத்தமான ஊர் என்று அந்த நகரத்தாருக்கு வெகு பெருமை. வனத்துறையைச் சேர்ந்த டோனவன் என்பவரும் ஜோவன் என்கின்ற அம்மையாரும் 2013 டிசம்பரில் நகரம் முழுவதும் சுற்றி 346 இடங்களில் மரத்திலிருந்த பாசியை எடுத்தார்கள். இவர்களில் அந்த அம்மையார் கல்பாசி சாஸ்திரம் படித்தவர். டோனவனோ பொருளாதாரம் படித்தவர்! விஷயத்தை விசாரிப்பதற்கு அந்தந்த ஜாதியில்தான் பிறக்க வேண்டுமென்று விஞ்ஞானத்தில் சட்டமில்லை.

அந்த நகரத்தில் காற்றை அளக்கும் சர்க்கார் கருவிகள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவை உள்ள இடத்துக் காற்றைச் சொல்லும். அடுத்த தெருவைச் சொல்லாது. பாசியை அளந்து படத்தில் குறித்தபோது, இரண்டே இரண்டு இடங்களில் காட்மியம் குன்று போல் எழும்பி நின்றது. அந்த இடங்களில் என்ன இருந்தது தெரியுமா? மாதா கோயில் ஜன்னல்களுக்கும் அலங்கார விளக்குகளுக்கும் வேண்டிய வண்ணக் கண்ணாடி செய்கின்ற தொழிற்சாலைகள். கண்ணாடிக்கு மஞ்சளும் சிவப்பும் காட்மியத்தால் வருகின்றன. அந்தத் தொழிற்சாலைகள் பல வருஷங்களாக ஊருக்கு நடுவிலேயே இருந்து வந்தன. கள்ளத்தனமாக நடந்தவையல்ல, சர்க்காருக்குத் தெரிந்தே நடந்தவை. சட்டமோ, இரவு பகல் ஓயாமல் எரிகின்ற உலைக்குத்தான் புகை வடிகட்டி வேண்டுமென்று எழுதியிருந்தது. இவர்கள் உலையை வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது தணிப்பவர்கள். ஆகவே சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். காட்மியத்துக்குச் சட்டம் படிக்கத் தெரியாதாகையால் அது உலை எரிந்தபோதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

பாசி கைகாட்டின இடத்தில் 2015 அக்டோபரில் சர்க்கார் கருவி கொண்டுபோய் வைத்தார்கள். மாகாணத்தார் சுகாதாரத்துக்கென்று வகுத்திருந்த அளவைவிடக் காட்மியம் 49 மடங்கு, ஆர்சனிக் 159 மடங்கு இருந்தது! பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் இருந்தன. 2016 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது தாய்மார்கள் சும்மாயிருப்பார்களா? கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். தொழிற்சாலைக்காரர்கள் அந்த உலோகங்களை உபயோகிப்பதை நிறுத்த நேர்ந்தது. புகை வடிகட்டி போட நேர்ந்தது. 2018-ல் மாகாணத்தில் புதுச் சட்டமே வந்தது. சட்டம் எழுதினவர்கள், அளவு விதித்தவர்கள், லைசென்சு கொடுத்தவர்கள் எல்லோரும் இத்தனை வருஷம் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாததை மரத்தில் தொங்கின பாசி சொல்லிற்று.

தோழர்களே! இதெல்லாம் வெள்ளைக்காரர் தேசத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கோடைக்கானலுக்கு வாருங்கள்.

1980-களில் கோடைக்கானல் மலையில் ஜுரமானி, அதாவது தெர்மாமீட்டர், செய்யும் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. அதன் இயந்திரங்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவை. அங்கே வேண்டாமென்று போனது இங்கே அபிவிருத்தி என்று வந்தது. தொழிற்சாலை நின்ற இடமோ மலையின் ஒரு விளிம்பு. கீழே பாம்பார் சோலைக்காடு. அதிலிருந்து இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்கு வருகின்றது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம் என்பது உங்களுக்குத் தெரியும். அது சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகக் கூடியது. அதைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு அதன் குணம் இன்னதென்று சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை என்று அத்தொழிலாளிகளே பிற்பாடு முறையிட்டார்கள்.

2001 மார்ச்சில் கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் சாக்குச் சாக்காய்க் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தார்களும் கண்டுபிடித்து ஊர்வலமாகப் போனார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பின் வழக்கமான வாதங்கள் ஆரம்பித்தன. எவ்வளவு போயிற்று, எங்கே போயிற்று, யாருக்கு என்ன கெடுதல் என்று கம்பெனியார் ஒரு கணக்கும், தொழிலாளர்கள் ஒரு கணக்கும் சொன்னார்கள். கம்பெனியின் கணக்கை எழுதினவர்கள் கம்பெனி அமர்த்தின நிபுணர்கள். அந்த நிபுணர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்சிக்காரன் பணம் கொடுத்துத் தயாரித்த தராசில் மற்றக் கட்சிக்காரன் நிறுத்துக்கொள்ள வேண்டுமென்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றோம்.

அந்தச் சமயத்தில் ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஒரு சோதனைச்சாலை விஞ்ஞானிகள் கோடைக்கானலுக்கு வந்து, தொழிற்சாலைக்கு அருகிலும் தூரத்திலும் மரப்பாசியையும் கல்பாசி இனத்தையும் எடுத்துக்கொண்டு போய் அளந்தார்கள். முடிவு 2003-ல் வெளியாயிற்று. தொழிற்சாலைக்கு அருகில் எடுத்ததில், ஒரு கிராம் பாசிக்குச் சுமார் 8 மைக்ரோகிராம் பாதரசம். தூரத்தில் எடுத்ததில் அதில் ஒரு சிறு பங்குதான். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, "பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் கவனிக்க வேண்டியது வித்தியாசத்தை. ஒரே மலை, ஒரே மழை, ஒரே பனி. தொழிற்சாலைச் சுவரிலிருந்து விலக விலகப் பாதரசம் குறைகின்றது. அந்தப் பாசி தொழிற்சாலைக்குள் போய் வேலை செய்யவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. காற்றில் வந்ததைத்தான் பிடித்து வைத்திருந்தது. அப்படியானால் காற்றில் வந்தது என்பதற்கு இனியும் வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்தச் சோதனைச்சாலைக்காரர்களே பிறகு கோடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றையும் பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ஏரியிலும் பாதரசம் ஏறியிருப்பதை 2006-ல் எழுதினார்கள்.

இதன் பின் நடந்தது நீண்ட கதை. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளிகளோடு கம்பெனியார் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். தொழிற்சாலை மூடி 15 வருஷம் கழித்து! மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டுமென்பதில் அதற்கப்புறமும் தகராறு நடந்தது. சீமையிலுள்ள மண்ணுக்கு ஒரு அளவு, நம் மலை மண்ணுக்கு வேறொரு அளவா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி என்பதே நமது அபிப்பிராயம். பாதரசம் ஆளைப் பார்த்து விஷமாவதில்லை.

இனி, பாசி சொல்லிவிட்டால் வேதவாக்கா என்று கேட்பீர்களானால், கேட்க வேண்டியதுதான். அதையும் பரீட்சித்தே ஒப்புக்கொள்ள வேண்டும். பாசி சொல்வது இரண்டு மூன்று வருஷத்துச் சேர்மானம். நேற்றுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. போர்ட்லண்டிலும் பாசி இடத்தைத்தான் காட்டிற்று. எவ்வளவு என்று கருவி வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். காற்றடித்தால் புழுதி மண் பாசியில் படியும். அதிலுள்ள உலோகத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று, பாசி பிடித்த உலோகத்தை இடம் பெயர்த்துவிடும். ஒருவகைப் பாசியை இன்னொரு வகையோடு ஒப்பிட முடியாது. இவையெல்லாம் அந்த வேலைக்காரர்களே தங்கள் புஸ்தகங்களில் எழுதி வைத்திருப்பவை. தன் குறையைத் தானே எழுதி வைக்கின்ற சாஸ்திரம் இது ஒன்றுதான் என்பதால்தான் நமக்கு இதன் மேல் மரியாதை.

"எங்கள் ஊர் வெயிலில் பாசியே கிடையாதே, நாங்கள் என்ன செய்வது?" என்று எண்ணூர், மேட்டூர்ப் பக்கத்துத் தோழர்கள் கேட்கலாம். அதற்கும் வழியிருக்கின்றது. 1971-ல் வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ பள்ளத்தாக்கில், உலோக உலைகள் நிறைந்த இடத்தில், சுத்தமான இடத்துப் பாசியைக் கொண்டுவந்து வலைப் பையில் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து எடுத்து அளந்தால், எந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகின்றது என்று தெரிந்துவிட்டது. செத்து உலர்ந்த பாசி கூட உலோகத்தைப் பிடிக்கும். ஏனெனில் பிடிப்பது பெரும்பாலும் செல்லின் சுவர். ஆகவே பைக்குத் தண்ணீர் கூட ஊற்ற வேண்டியதில்லை. வலைப்பைக்கு ஆகும் செலவு சில்லறைச் செலவு. அளப்பதற்குத்தான் சோதனைச்சாலை வேண்டும். அது நமது சர்வகலாசாலைகளில் இருக்கின்றது. அந்தக் கருவிகளும் நம் வரிப்பணத்தில் வாங்கினவைதான். ஊர்ப்பஞ்சாயத்தார் ஒரு தீர்மானம் போட்டு, கல்லூரியில் ரசாயனம் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு நாள் என்று ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்துச் செய்தால், நாளைக்கு அதைத் தள்ளிவிட யாராலும் எளிதில் முடியாது. ஒரு பையைத் தொழிற்சாலைப் பக்கமும், ஒரு பையைப் பத்து மைல் தள்ளியும் கட்ட வேண்டும். தள்ளிக் கட்டின பை இல்லாவிட்டால் கிட்டே கட்டின பையால் யாதொரு பிரயோஜனமுமில்லை. இதை மறந்து போகின்றவர்கள்தான் அதிகம்.

நாம் பேச நினைத்தது இவ்வளவுதான். சந்தேகங்கள் இருந்தால் சீட்டில் எழுதி அனுப்பலாம். தெரிந்த வரையில் பதில் சொல்லுகின்றோம். வலைப்பை கட்டுவது எப்படியென்று நேரில் பார்க்க விரும்புகின்றவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள்.